அட்டையும் கயிறும்

அம்மா போன பிறகு அவளுடைய ட்ரங்குப் பெட்டியை நாங்கள் யாரும் திறக்கவில்லை. போன மாதம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. பூட்டு துருவேறிக் கிடந்தது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித்தான் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. முகூர்த்தப் பட்டு, பழைய ரேஷன் கார்டு, என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஓவல்டின் டப்பா. உள்ளே ரயில் டிக்கெட் அளவில் தடித்த அட்டைகள் ஒரு கட்டு. அதன்மேல், நாளிதழ்த் துண்டில் மடித்து வைத்த கறுப்புக் கயிறு ஒன்று.

அட்டைகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மதுரை ரயில் நிலையத்தில் இருந்த எடை பார்க்கும் மெஷின் துப்பியவை. ஒரு பக்கம் சினிமா நடிகர் படம், மறுபக்கம் ஒரு பலனும் கிலோ கணக்கும். எல்லாம் அப்பாவுடையவை.

விருதுநகரிலிருந்து அத்தை வந்து திரும்பும்போதெல்லாம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். பிளாட்பார டிக்கெட் எடுத்து உள்ளே போனதும் ஆளுயரத்துக்கும் மேலாக அந்த மெஷின் நிற்கும். கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன பல்புகள் எரிந்து எரிந்து அணையும். வட்டத் தகடு சுழன்றுகொண்டே இருக்கும். ஏறி நின்றதும் அப்பா மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவார். "சக்கரம் நிக்கிற வரைக்கும் அசையக் கூடாதுடா" என்பார். நின்ற பிறகு காசு போட வேண்டும். முதலில் பத்துப் பைசா, அப்புறம் நாலணா, பிற்காலத்தில் ஒரு ரூபாய். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டு, டொக்கென்று அட்டை விழும். நான் முதலில் படத்தைப் பார்ப்பேன், அத்தை பலனைப் படிப்பாள். அப்பா பார்ப்பது எண்ணை மட்டும்தான்.

அறுபது. ஏறக்குறைய எல்லா அட்டையிலும் அறுபதுதான். ஐம்பத்தொன்பதரை இரண்டில் இருக்கிறது, அறுபத்தொன்று ஒன்றில். நான் அரைக்கால் டவுசர் போட்ட வயதிலிருந்து வேலைக்குப் போகும் வரை, பதினைந்து வருடத்துக்கு மேல், அறுபது கிலோ. அதில் அவருக்குப் பெரிய நிம்மதி. "ஒடம்பு ஒரே கண்டிஷன்ல இருக்கு" என்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் அது டப்பாவுக்குப் போகும்.

அப்பா கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்குப்பிள்ளை. காலை எட்டு மணிக்குச் சாய்வு மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பேரேடு, நாள்வழி, லாரி ரசீது. பையன் கொண்டுவந்து வைக்கும் காபி ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. அந்த வீதிக்குள் நுழைந்தாலே மிளகாய் வற்றல் நெடியும் மல்லி வாசமும் சாக்கு வாசமும் கலந்து மூக்கில் ஏறும். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நான் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன். அப்பாவைப் பார்ப்பதற்காக என்று சொன்னால் பொய். நான் பார்க்கப் போனது கொக்கி அண்ணனை.

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோர் கையிலும் கொக்கி இருக்கும். இவருடைய கொக்கி தோளிலேயே தொங்கும் என்பதால் அந்தப் பேர். சர்க்கரை மூட்டை அப்போது நூறு கிலோ. லாரியிலிருந்து இரண்டு பேர் சரித்துவிட, அவர் முதுகில் வாங்கி, குனிந்தபடி பலகை மேல் ஏறி, கிட்டங்கியின் உள்மூலை வரை நடப்பார். வியர்வை வழிந்து முதுகு எண்ணெய் பூசிய கருங்கல்லாக மின்னும். கழுத்தும் தோளும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது. கெண்டைக்கால் இரண்டும் உரல் மாதிரி. நான் பின்னாளில் பி.டி. மாஸ்டர் ஆனதற்கு யாராவது காரணம் கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

ஒருநாள் வேலை ஓய்ந்த நேரத்தில் பிளாட்பாரத் தராசில் ஆளாளுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொக்கி அண்ணன் ஏறினார். எண்பத்திரண்டு. மண்டிப் பையன்கள் ஓவென்று கத்தினார்கள். அவர் அப்பாவையும் கையைப் பிடித்து இழுத்தார். "கணக்கய்யா, நீங்களும் வாங்க, உங்க எடையையும் பேரேட்டுல ஏத்திருவோம்." அப்பா ஏறினார். அறுபது. பிறகு யாரோ இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்தி, தலைமேல் மரஸ்கேலை வைத்துப் பார்த்தார்கள். ஸ்கேல் சாயவே இல்லை. இருவரும் ஒரே உயரம். ஐந்தடி ஐந்தங்குலம்.

அறுபதுக்கும் எண்பத்திரண்டுக்கும் உள்ள அந்த இருபத்திரண்டு கிலோ என்ன பொருளால் ஆனது என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தராசுக்கும் தெரியாது.

இனி அந்தக் கயிறு. எங்கள் வீட்டில் ஆண்கள் எல்லோரும் அரைஞாண் கட்டுவோம். புது மண்டபத்தில் தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே கயிறு, குஞ்சம், மணி விற்கும் சின்னக் கடைகள் இருந்தன. இப்போது அந்தக் கடைகளை எல்லாம் அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவுக்கும் அம்மா அங்கே கயிறு வாங்குவாள். எனக்குச் சிவப்பு, அப்பாவுக்குக் கறுப்பு. கடைக்காரர் முழம்போட்டு அளக்கும்போது அம்மா குறுக்கே சொல்வாள்: "அவுகளுக்குப் போன வருசத்தைவிட ரெண்டு விரக்கடை கூட வைங்க." அடுத்த வருடமும் அதையே சொல்வாள். மூன்றாம் வருடம் கடைக்காரரே கேட்டார். "வீட்டுக்காரவுக நல்லாச் சாப்பிடுறாக போல." அம்மாவுக்கு அதில் பெருமை. புருஷன் வயிறு நிறைவதை நல்ல சமையலுக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொண்ட காலம் அது. ஊரிலிருந்து யார் வந்தாலும் "என்ன இப்பிடி இளைச்சுப் போயிட்டே" என்று ஆரம்பிப்பதுதான் அன்பு.

அட்டை ஒவ்வொரு தடவையும் அறுபது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கயிறு இரண்டிரண்டு விரற்கடையாக நீண்டுகொண்டே போனது. ஒரே வீட்டில், ஒரே ஆளைப் பற்றி, இரண்டு சாட்சிகள். அறுபது மாறாமல் கயிறு மட்டும் நீள வேண்டுமானால் உடம்பின் வேறெங்கோ குறைந்திருக்க வேண்டும். குறைந்தது கண்ணெதிரேதான் நடந்தது. அப்பாவின் கைகள் மெலிந்து மணிக்கட்டு எலும்பு தனியாகத் தெரிந்தது. தொடைச்சதை வற்றிப்போய் வேட்டி காலில் தடுக்கும். சட்டையோடு பார்த்தால் ஒல்லியான மனிதர், கழற்றினால் சின்னப் பானை கவிழ்த்தது போல வயிறு. சாப்பிட்டு எழுந்திருக்கும்போது ஒரு கை தரையிலும் ஒரு கை சுவரிலும் போகும். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த ஓரிரு வருடத்தில் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சொம்பு வந்தது. பிறகு அது குடமாயிற்று. ராத்திரி நாலு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போவார். கட்டின் கடைசி அட்டையில் ஐம்பத்தேழு என்று இருக்கிறது. அதைக் கொண்டுவந்து காட்டியபோது, மூன்று கிலோ இளைத்தது நல்லதுதான் என்று சொன்னார்.

மண்டியில் ஒருநாள் வெறுங்காலோடு கிட்டங்கிக்குப் போனவரின் பாதத்தில் கோணி ஊசி ஏறிவிட்டது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. சிமென்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்துக் கொக்கி அண்ணன்தான் "கணக்கய்யா, நில்லுங்க" என்று கத்தினாராம். பக்கத்துத் தெரு டாக்டர் மூன்று வாரம் கட்டுப் போட்டார், ஊசி போட்டார், களிம்பு கொடுத்தார். புண் ஆறவில்லை, விரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது முதல் வேலையாக ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் பிறகு நான் போய்க் கேட்டேன். "ஒல்லியா இருக்கிற மனுசனுக்குச் சர்க்கரை இருக்கும்னு நெனைக்கலையேப்பா" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அவர் மட்டுமா அப்படி நினைத்தார்? சர்க்கரை குண்டாக இருப்பவர்களின் வியாதி என்றுதான் எங்கள் தெருவே நம்பியது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் நர்ஸ் கத்தரிக்கோலால் அரைஞாணை வெட்டினார். உயிர் போன பிறகுதான் அதை அறுப்பது எங்கள் பக்க வழக்கம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நர்ஸ் கயிற்றை ஒரு பேப்பர்த் துண்டில் மடித்து அவள் கையில் கொடுத்தார். அதைத்தான் அம்மா டப்பாவுக்குள் அட்டைகளோடு வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு இரண்டு விரல்கள் போயின. அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

பி.எம்.ஐ. என்ற மூன்றெழுத்து என் வாழ்க்கைக்குள் வந்தது அதற்கப்புறம்தான். பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை உயரத்தால் பெருக்கி, அதனால் எடையை வகுக்க வேண்டும். பதினெட்டரைக்குக் கீழே போனால் எடை குறைவு, 25-க்கு மேலே அதிக எடை, 30-க்கு மேலே உடல் பருமன். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரே கோட்டில் நிறுத்திப் பார்க்க ஒரு வழி கிடைத்துவிட்டதாக நினைத்தேன். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். மறுநாள் பட்டியலை அச்செடுத்து, 25-ஐத் தாண்டியவர்களின் பேரைச் சிவப்பு மையில் கோடிட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

இருபது வருடம் ஆகியும் அந்தப் பட்டியல் என் மனதைவிட்டுப் போகவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஒற்றைக் கோடு பொருந்தாது. வயதுக்கும் ஆண், பெண்ணுக்கும் ஏற்ற தனி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். நான் ஆறாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டிருந்தேன். சிவப்புக் கோட்டில் ஒரு பேர், பிளஸ் ஒன் படித்த ஒரு மாணவி. 161 சென்டிமீட்டர், 68 கிலோ. கணக்குப் போட்டால் 26.2. எங்கள் பள்ளியின் குண்டு எறிதல் வீராங்கனை. பள்ளி முடிந்ததும் அம்மாவின் இட்லிக் கடைக்கு இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு வருவாள். அவள் தோளில் இருந்தது கொக்கி அண்ணனின் தோள்தான். நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

பட்டியல் ஒட்டிய மறுவாரத்திலிருந்து அவள் மதியம் சாப்பிடுவதை நிறுத்தியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. குறுவட்டப் போட்டியில் இரண்டாவது எறிதலுக்கு வட்டத்துக்குள் நின்றவள் அப்படியே மண்ணில் சரிந்தாள். குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்து மடியில் சாய்த்துக்கொண்ட அவள் அம்மா என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க எழுதிப் போட்டீங்களாமே சார், குண்டுன்னு" என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே பட்டியலைக் கிழித்தேன். மறுநாள் இறைவணக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பிறகு போலீஸ் தேர்வுக்குப் போனாள். அங்கே உயரம் பார்த்தார்கள், 400 மீட்டர் ஓடவிட்டார்கள், நீளம் தாண்டச் சொன்னார்கள், கையில் குண்டைக் கொடுத்தார்கள். தேறிவிட்டாள். இப்போது தென்மாவட்டம் ஒன்றில் பணியில் இருக்கிறாள். தீபாவளிக்குப் போன் செய்கிறாள்.

இந்த பி.எம்.ஐ. கணக்கை யார் போட்டது, எதற்குப் போட்டார் என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். போட்டவர் டாக்டரே இல்லை. அடோல்ஃப் கெட்லே, பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1796-ல் பிறந்த வானியலாளர். ஒரே நட்சத்திரத்தைப் பல பேர் அளக்கும்போது வரும் வேறுபாடுகளைச் சராசரி எடுத்துச் சரிசெய்வது வானியலாளரின் பழக்கம். அதே முறையை மனிதர்கள்மேல் வைத்து, 'சராசரி மனிதன்' என்று ஒருவனை அவர் தேடினார். ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் 5,738 பேரின் மார்பளவைக்கூட வரிசைப்படுத்திப் பார்த்தவர். வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்று 1830-களில் எழுதினார். யார் குண்டு, யார் நோயாளி என்று பிரிக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. கூட்டத்தின் வடிவம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

நூற்று நாற்பது வருடம் கழித்து, 1972-ல், அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் அந்தக் கணக்குக்கு பாடி மாஸ் இண்டெக்ஸ் என்று பேர் வைத்தார். ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அளந்து, உயரத்தையும் எடையையும் சேர்க்கும் பல சூத்திரங்களை ஒப்பிட்டு, இருப்பவற்றில் இது மோசமில்லை என்ற அளவில்தான் அவரும் சொன்னார். அவர் அளந்த எல்லோரும் ஆண்கள். அதில் நம் நாடு இல்லை.

எங்கள் பள்ளியில் படித்து டாக்டரான ஒருவன், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சு இதில் வந்தபோது போனில் ஒரு படத்தைக் காட்டினான். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த படம். புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒருவர் மாரத்தான் ஓடுகிறவர். மற்றவர் ஒல்லியாகத் தெரியும் இந்தியர்.

"அப்பா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பையன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். எழுந்துபோய் ஒரு காகிதம் எடுத்து, அறுபதை 1.65-ஆல் இரண்டு தரம் வகுத்தேன். 22.0. கொக்கி அண்ணனுக்கும் போட்டேன். 30.1. நூறு கிலோ சர்க்கரையை முதுகில் வாங்கிப் பலகை ஏறிய மனிதருக்கு உடல் பருமன் நோய் என்றும், சுவரைப் பிடித்து எழுந்திருந்த என் அப்பாவுக்கு எல்லாம் சரி என்றும் அந்தக் கணக்கு தீர்ப்புச் சொல்லியிருக்கும். அட்டையில் அறுபது வந்ததும் அப்பா நிம்மதியாகச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு என் கண்முன் வந்தது. எனக்குத் தாங்கவில்லை.

யாஜ்னிக் குழுவினர் புனேக்குப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எடையில் அவ்வளவு குறைந்தும் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தசையில்தான் பெரிய குறைவு. ஒல்லியான உடம்புக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கிற வழக்கம் நமக்குத் தாய் வயிற்றிலேயே தொடங்குகிறது. அதுவும் கைகாலில் சேர்வதைவிட வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்வதுதான் கெடுதல். இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது அது. இதனால்தான் 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23-லேயே விழித்துக்கொள்ளுங்கள் என்றது. நம் நாட்டு மருத்துவர்களும் 23-க்கு மேல் அதிக எடை, 25-லிருந்து பருமன் என்று கோட்டை இறக்கினார்கள். அப்படி இறக்கிய கோட்டுக்கும் கீழேதான் என் அப்பா இருந்தார்.

2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல் என்றது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருந்தது. பி.எம்.ஐ. 25-ஐ எட்டியவர்கள் நூற்றுக்கு 28.6 பேர். வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் நூற்றுக்கு 39.5 பேர். அந்த இடைவெளியில் எத்தனை அப்பாக்கள் இருக்கிறார்கள் என்று படிக்கும்போதே மனசு கணக்குப் போட்டது.

இதைச் சொல்வதால் பி.எம்.ஐ.யைக் குப்பையில் போடு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தராசும் சுவரில் ஒரு கோடும் இருந்தால் போதும் என்பது சின்ன விஷயமில்லை. சத்துணவு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் வற்றிப்போயிருக்கிறார்கள், ஒரு மாவட்டம் பத்து வருடத்தில் எப்படி மாறியிருக்கிறது என்றெல்லாம் பார்க்க அது வேண்டும். கெட்லேயும் கூட்டத்துக்காகத்தான் அதைப் போட்டார். அதை ஒற்றை மனிதனின் திறனுக்கு அளவாக வைப்பதில்தான் எனக்குச் சண்டை. முப்பது வருடம் மைதானத்தில் நின்றவன் சொல்கிறேன். ஒரு உடம்பு தேறுமா என்று பார்க்க, அதை வேலை செய்யவிட்டுப் பார்க்க வேண்டும். மாடி ஏறினால் பேச முடிகிறதா, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்க முடிகிறதா, சம்மணம் போட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடிகிறதா. பிரேசிலில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை இப்படித் தரையில் உட்கார்ந்து எழவைத்துப் பார்த்து, பிறகு பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். கையையும் முட்டியையும் அதிகம் துணைக்குத் தேடியவர்கள் அதிகம் இறந்தார்கள் என்று 2012-ல் எழுதினார்கள். பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில் நமக்கு அந்தப் பரிசோதனை மூன்று வேளையும் நடந்தது. டைனிங் டேபிள் வந்ததும் நின்றுபோயிற்று.

கொக்கி அண்ணன் கதையையும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். மூட்டைகள் ஐம்பது கிலோவாகச் சுருங்கிய காலத்தில் அவர் முட்டி தேய்ந்து வேலையை விட்டார். தெப்பக்குளத்துப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். பத்து வருடம் கழித்துப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் தோள் சரிந்திருந்தது, வயிறு மடியில் இறங்கியிருந்தது. "எடை அதே எம்பத்திரெண்டுதான் தம்பி, ஆனா நான் அந்த ஆள் இல்ல" என்றார். எழுபது வயதில் அவருக்கும் சர்க்கரை வந்திருந்தது. தராசு அவர் விஷயத்திலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓவல்டின் டப்பாவைத் திறந்த அன்று மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. முப்பது வயது. போனில் ஒரு செயலி வைத்திருக்கிறான். அதில் அவன் பி.எம்.ஐ. 22.6 என்று பச்சை நிறத்தில் தெரிகிறது. நான் அப்பாவின் கயிற்றைத் தரையில் நீட்டி இஞ்ச் டேப்பால் அளந்தேன். 94 சென்டிமீட்டர். அரைஞாணைத் தளர்வாகத்தான் கட்டுவோம். அதைக் கழித்தாலும் 90-க்குக் குறையாது. ஆண்களுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் எல்லையே 90 தான். இரண்டு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்களில் யாருக்கும் அது ஓர் எச்சரிக்கை என்று படவில்லை.

"நீயும் நில்லுடா" என்றேன் மகனிடம். அவன் அரைஞாண் கட்டுவதில்லை. வீட்டிலும் வெளியிலும் எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்ட். எத்தனை அங்குலம் கூடினாலும் எலாஸ்டிக் வாய் திறக்காது. சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கினான். 95. என் கை நடுங்கியதை அவன் பார்த்துவிட்டான். சிரிப்பு நின்றது. மறுநாள் காலையிலேயே ரத்தம் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 6.1 வந்தது. ஆறரையைத் தொட்டால் சர்க்கரை நோய். இன்னும் தொடவில்லை. அப்பாவுக்குக் கிடைக்காத நேரம் இவனுக்குக் கிடைத்திருக்கிறது. இப்போது காலையில் நடக்கிறான், வாரம் மூன்று நாள் தண்டால் எடுக்கிறான். ராத்திரி போன் செய்து எத்தனை என்று சொல்கிறான்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் தையல் மெஷின் டிராயரிலாவது ஒரு இஞ்ச் டேப் இருக்கும். காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வெறும் உடம்பின்மேல் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு அளவு பாருங்கள். ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80, அதுதான் எல்லை. உங்கள் உயரத்தில் பாதிக்குமேல் போகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் எதைத் தாண்டினாலும், எடை என்ன சொன்னாலும், எவ்வளவு ஒல்லியாகத் தெரிந்தாலும், இந்த வாரமே ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் அப்பா இருந்தால் அவருக்கும் அளந்து பாருங்கள்.